ராஜாவின் பாட்டு வைத்தியம்

வெகுகாலத்துக்கு முன்னால் செங்குன்ற நாட்டை அதிவீரசிங்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல ராஜாதான், பாடாமல் இருக்கும் நேரத்தில். அவர் குரலை உயர்த்தினால் லாயத்துக் குதிரைகள் கயிற்றை அறுக்கப் பார்க்கும். அதை அவரிடம் சொல்ல யாருக்கும் துணிவில்லை. ஆஸ்தான வித்துவான் சர்வோத்தமர் மட்டும் முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு "ஆஹா! ஆஹா!" என்பார்.

ஒருநாள் ராஜா வைத்தியசாலையைப் பார்க்கப் போனார். போன இடத்தில் சும்மா இராமல் ஒரு பாட்டை எடுத்துவிட்டார். முதுகுப்பிடிப்பென்று பத்து நாளாய்ப் படுத்திருந்த ஒருவன், மூன்றாவது வரியில் எழுந்து பாயைச் சுருட்டினான். "எனக்குக் குணமாயிட்டுது சாமி" என்று கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தான்.

சர்வோத்தமர் விடுவாரா? "பார்த்தீர்களா பிரபு! கஷாயத்துக்கு அசையாத முதுகு தங்கள் கமகத்துக்கு அசைந்துவிட்டது!"

அவ்வளவுதான். மறுநாளே வைத்தியசாலையில் மூலிகை இடிப்பது நின்றது. தினமும் காலையில் ராஜாவே வந்து பாடினார். காய்ச்சல்காரன் போர்வையோடு ஓடினான். கால் முறிந்தவன் மைத்துனன் தோளில் தொங்கிக்கொண்டு போனான். வாசலில் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "குணமாயிட்டுது." பத்தே நாளில் வைத்தியசாலை காலி.

ஒருவன் மட்டும் போகவில்லை. பெயர் கொற்றன், படையில் முரசு அடித்தவன். வடக்கெல்லைச் சண்டையிலிருந்து திரும்பி எட்டு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பான். கை மட்டும் நடுங்கும். ராஜா அவன் முன்னால் மூன்று நாள் தொண்டை கட்டும்வரை பாடினார். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஊரே குணமானபோது இவனுக்கு மட்டும் என்ன கேடு? வேண்டுமென்றே தங்களை அவமதிக்கிறான், பிரபு" என்று ஏற்றிவிட்டார் சர்வோத்தமர்.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "எட்டு நாளைக்குள் இவன் வாயைத் திறக்காவிட்டால், குடும்பத்தோடு நாடு கடத்துங்கள்!"

கொற்றனின் மனைவி செம்பாயி, மந்திரி தீர்த்தகிரியிடம் ஓடினாள். "அவர் யாரையும் அவமதிக்கலை சாமி. அவர் அடிச்ச முரசைக் கேட்டுத்தான் எங்க ஊர் இளவட்டம் பதினோரு பேர் முன்னால பாய்ஞ்சாங்க. ஒருத்தரும் திரும்பலை. அன்னைக்கு நடுங்க ஆரம்பிச்ச கை அது."

மந்திரி நேரே சபைக்குப் போனார். "மகாராஜா, தங்கள் மருந்தில் குறையில்லை. பத்தியம்தான் தவறிவிட்டது."

"பாட்டுக்கு ஏதய்யா பத்தியம்?"

"சாதாரணக் கஷாயத்துக்கே உண்டே! இவ்வளவு வீரியமான மருந்தென்றால், கொடுப்பவரும் பத்தியம் காக்க வேண்டும். ஏழு நாள் தாங்கள் கொற்றன் பக்கத்தில் வாயே திறக்காமல் உட்கார வேண்டும்."

தன் பாட்டு அத்தனை வீரியமா என்று பூரித்துப்போன ராஜா, உடனே ஒப்புக்கொண்டார்.

கொற்றன் பார்த்துக்கொண்டிருந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார் மந்திரி. அவன் கைக்கு எட்டும்படி அடுப்புக்கரியும் காவிக்கல்லும் வைத்தார். 'வரை' என்று யாரும் சொல்லவில்லை.

முதல் நாள் ராஜா கொட்டாவி விட்டதுதான் நடந்தது. இரண்டாம் நாள் கொற்றன் கரியை எடுத்தான். நடுங்கும் கையால் கோணலாக ஒரு கோடு இழுத்தான். நான்காம் நாளுக்குள் பதினோரு கோடுகள். பிறகு அவற்றுக்குத் தலை முளைத்தது. ஒருவனுக்குத் தெற்றுப்பல், ஒருவனுக்குக் கடுக்கன், எல்லார் கையிலும் வேல். 'யாரடா இவர்கள்?' என்று கேட்க ராஜாவுக்கு நாக்கு துடித்தது. வாயைப் பொத்திக்கொண்டார். வேறு வேலை இல்லாததால் அந்த முகங்களையே பார்த்தார். பார்க்கப் பார்க்க, வடக்கெல்லைச் சண்டைக்கு ஆள் கேட்டு ஓலை அனுப்பியது தான்தான் என்பது நினைவுக்கு வந்தது.

ஏழாம் நாள், பேச முடியாத தவிப்பில் ராஜா தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கொற்றன் கரியைக் கீழே வைத்தான். ராஜாவின் விரல்களையே பார்த்தான். எட்டி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"தாளம் தப்புது" என்றான்.

செம்பாயி ஓவென்று அழுதாள். கொற்றன் ராஜாவின் கையைத் தூக்கிச் சரியான இடத்தில் தட்டவைத்தான். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பெயர் சொன்னான். பதினோராவது பெயரில் அவன் குரல் உடைந்தது. மனைவியின் தோளில் சாய்ந்து, எட்டு மாதத்து அழுகையை அழுதான். ராஜா இடத்தைவிட்டு எழவில்லை.

மறுநாள் சபையில் சர்வோத்தமர் முந்திக்கொண்டார். "பாடாமலே குணமாக்கிய பிரபு! அன்றைக்கே இன்னும் ஒருநாள் பாடியிருந்தால் அப்போதே பேசியிருப்பான். தங்கள் பாட்டு, நோயில்லாதவனுக்கும் ஆயுளைக் கூட்டுமே!"

மந்திரி கைகூப்பினார். "அப்படியானால் வித்துவானின் ஆயுளையும் கொஞ்சம் கூட்டலாம், மகாராஜா. பொழுது சாயும்வரை, அவர் ஒருவருக்காக மட்டும்."

ராஜா பாடத் தொடங்கினார். முதல் நாழிகை "ஆஹா" வந்தது. இரண்டாம் நாழிகையில் சர்வோத்தமர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் நாழிகையில் எழுந்து அங்கவஸ்திரத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினார். "போதும் பிரபு, எனக்குக் குணமாகிவிட்டது!" என்று வாசலைப் பார்த்து நடந்தார்.

ராஜா சட்டென்று பாட்டை நிறுத்தினார். "உமக்கு என்ன நோய் இருந்தது, குணமாக?"

சர்வோத்தமர் அங்கவஸ்திரத்தை அவிழ்த்து மறுபடி சுருட்டினார். பாயைச் சுருட்டியவன், போர்வையோடு ஓடியவன், தோளில் தொங்கியவன் என்று எல்லாரும் வரிசையாக ராஜாவின் கண்முன் வந்தார்கள். காதுவரை சிவந்தார். பிறகு தன்னை நினைத்துத் தானே சிரித்தார்.

"அப்படியென்றால் கொற்றனைப் பேசவைத்தது எது, தீர்த்தகிரியாரே?"

"கரி அவனுடையது, தாளமும் அவனுடையது, மகாராஜா. அவன் ஆரம்பிக்கும்வரை தாங்கள் குறுக்கே வரவில்லை. அதுதான் தங்கள் பங்கு."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். ஓடிப்போன நோயாளிகள் திரும்பி வந்தார்கள்; வைத்தியசாலையில் மறுபடி மருந்து இடிக்கும் சத்தம் கேட்டது. ராஜாவின் கட்டளைப்படி உலக்கை சர்வோத்தமர் கையில், கால் முறிந்தவன் நடக்கும்வரை. கொற்றனின் கை சில காலைகளில் இன்னும் நடுங்கியது. அப்போதெல்லாம் அவன் கரியை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் போய்விடுவான்.

அடுத்த வாரம் அவனையும் கூட்டிக்கொண்டு அந்தப் பதினோரு வீடுகளுக்கு ராஜா நடந்தே போனார். பாட வருகிறார் என்று நினைத்து முதல் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"பாட வரலைம்மா. உங்க பிள்ளையைப் பத்திக் கேட்க வந்திருக்கேன்" என்றார் ராஜா.

கதவு திறக்க நெடுநேரம் ஆயிற்று. ராஜா வெயிலில் நின்றுகொண்டேயிருந்தார்.