வாய்க்காலில் உட்கார்ந்த வரைபடம்

மரகதம் என்ற தவளைக்கு முந்நூறு பிள்ளைகள். எல்லாம் தலைப்பிரட்டைகள். ஒன்றுக்கும் இன்னும் கால் முளைக்கவில்லை. முளைக்கப் பத்து நாள் ஆகும். குளத்தில் இருந்த தண்ணீரோ இரண்டு நாளைக்குத்தான் வரும்.

மலையில் மழை கொட்டி மூன்று நாளாகிவிட்டது. வழக்கமாக மறுநாளே வாய்க்கால் வழியாகக் குளத்துக்குத் தண்ணீர் வந்துவிடும். இந்த முறை ஒரு சொட்டுகூட வரவில்லை.

காட்டில் விஷயம் தெரிந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். மரகதம் அங்கே தாவிப் போனது.

அது புவியியல் மட்டும் சொல்லித்தரும் பள்ளிக்கூடம். தலைமையாசிரியர் ஒரு முள்ளம்பன்றி. எழுதுகோல் தேவைப்பட்டால் முதுகிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும். மொத்தம் நான்கு வகுப்புகள். வகுப்புக்கு ஒரு கேள்வி. முதல் வகுப்பில் ‘எங்கே?’ இரண்டாம் வகுப்பில் ‘எவ்வளவு?’ மூன்றாம் வகுப்பில் ‘ஏன்?’ நான்காம் வகுப்பில் ‘என்ன செய்யலாம்?’

இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டு முடிவில் பழைய புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதுபோல, பழைய கேள்வியையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தேறிய மாணவர் ஒரு சுரைக்குடுக்கையின் வாயில் அந்தக் கேள்வியைக் கடைசியாக ஒருமுறை சொல்வார். தலைமையாசிரியர் உடனே தக்கையால் அடைத்துவிடும். அதன்பிறகு அதைக் கேட்டால் மறுபடி பழைய வகுப்புதான்.

இதனால் சில சங்கடங்களும் உண்டு. நான்காம் வகுப்பு யானை அங்கமுத்து மூன்று ஆண்டுகளாக வீட்டுக்கே போகவில்லை. வீடு எங்கே என்று கேட்க முடியாதே! பள்ளிக்கூட வாசலில் நின்றபடியே தூங்கியது. அதன் பெற்றோர் எப்போதாவது வந்து பார்ப்பார்கள். “பிள்ளை நல்லாப் படிக்குது!” என்று பெருமையோடு திரும்பிப் போவார்கள்.

பள்ளியின் பெருமை அதன் களிமண் வரைபடம். கோடையில் மாணவர்கள் சேர்ந்து கட்டியது. முப்பது முழ அகலம். மலை, வாய்க்கால், குளம், பள்ளிக்கூடம் எல்லாம் அதில் இருந்தன. வரைபட மலையின் உச்சியில் சுரைக்குடுக்கையைப் பத்திரமாகச் செருகி வைத்திருந்தார்கள்.

“சார்! குளத்துக்குத் தண்ணி வரல. இன்னும் ரெண்டு நாள் போனா என் பிள்ளைங்க செத்துப்போகும்!” என்றது மரகதம்.

“பதறாதேம்மா. ஆய்வுன்னா படிப்படியாப் போகணும். முதல் வகுப்புல ஆரம்பி” என்றது தலைமையாசிரியர்.

முதல் வகுப்பில் ஒரு முயல் எழுந்து நின்றது.

“தண்ணி எங்கே தம்பி?”

“மலையில இருக்கு! வாய்க்கால்ல இருக்கு! நம்ம வரைபடம் வரைக்கும் இருக்கு!”

“அதுக்கு அப்புறம்?”

“அதுக்கு அப்புறம் இல்ல!”

“ஏன் இல்ல?”

முயல் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டது. “ஐயையோ! அது மூணாம் வகுப்புப் பாடம் அக்கா! எங்க காதுல விழக்கூடாது!”

தலைமையாசிரியர் முயலுக்கு நூற்றுக்கு நூறு போட்டது.

இரண்டாம் வகுப்பில் ஒரு மான் இருந்தது. அதன் கால்கள் ஈரமாக இருந்தன.

“முதல்ல வெச்ச கால் தொடை வரைக்கும் நனைஞ்சது. கொஞ்சம் தள்ளி வெச்ச கால் நனையவே இல்ல. வித்தியாசம் ஒரு தொடை. எங்கே வெச்சேன்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க. அதைப் போன வருஷமே ஒப்படைச்சாச்சு.”

“இது உனக்கு விசித்திரமாத் தெரியலையா?”

“எனக்கு அளக்கத் தெரியும். விசித்திரம் எங்க பாடத்திட்டத்துல இல்ல.”

மானுக்கும் நூறு.

மூன்றாம் வகுப்பு மந்தி, வரைபடத்தின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் வால் தேங்கிய தண்ணீரில் தொங்கியது.

“ஒரு பக்கம் தண்ணி நிக்குது. மறு பக்கம் வரல. ஏங்க?” என்று கேட்டது மரகதம்.

“ரொம்பச் சுலபம்! நடுவுல அடைப்பு! யாரோ புத்தியில்லாதவங்க வாய்க்கால்ல மண்ணைக் கொட்டியிருக்காங்க. நாலு பக்கத்துக்கு எழுதித் தரட்டுமா?”

“எந்த மண்ணு? நீங்க உக்காந்திருக்கீங்களே, இந்த மண்ணா?”

“எந்த மண்ணு, எந்த இடம்... அதெல்லாம் சின்னப் பிள்ளைங்க பேச்சு. நான் மூணாம் வகுப்பு!” என்று சொல்லி மந்தி தன் வாலைப் பிழிந்துகொண்டது.

எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை. மரகதம் யானையிடம் ஓடியது.

“அண்ணே! நீங்களாவது ஏதாவது செய்யுங்க!”

“தாராளமா! அடைப்பை மிதிக்கலாம். முட்டலாம். தும்பிக்கையால தள்ளலாம். மூணும் எனக்கு அத்துப்படி. ஆனா அந்த அடைப்பு...” அங்கமுத்து சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டது. “வேண்டாம்மா. கேட்டுட்டா முயலுங்களோட போய் உக்காரணும். பெஞ்சு தாங்காது.”

“நீங்க கேக்க வேண்டாம். நானே சொல்லிடறேன்.”

“செல்லாது!” என்று கத்தியது தலைமையாசிரியர். “கேட்காத கேள்விக்குச் சொல்ற பதில் செல்லாது! விதி பதினொண்ணு!”

மரகதம் ஒரே தாவலில் யானையின் தலைமேல் ஏறியது.

“சார், உங்க பள்ளிக்கூட வாசலை நான் இன்னிக்குத்தான் மிதிச்சேன். என் கேள்வி எதையும் யார்கிட்டயும் ஒப்படைக்கல. நாலும் என்கிட்டயே இருக்கு. நானே கேக்கறேன், நானே சொல்றேன்! அடைப்பு எங்கே? அதோ, வாய்க்கால் நடுவுல! எவ்வளவு? முப்பது முழம்! ஏன்? வறண்ட வாய்க்கால் சமமா இருந்துச்சுன்னு அதுமேல களிமண்ணைக் குழைச்சு வரைபடம் கட்டிட்டீங்க!”

தலைமையாசிரியர் முட்களை விரித்துக்கொண்டு வரைபடத்துக்கு முன்னால் போய் நின்றது.

“நல்லாப் பாருங்க! இதுல வாய்க்கால் ஓடுது! குளம் நிரம்பியிருக்கு! வரைபடத்துல ஒரு தப்பும் இல்ல. உன் குளம்தான் தப்பா இருக்கு!”

“என் பிள்ளைங்க வரைபடத்துல நீந்த முடியாது சார்!”

எல்லாரும் யானையைப் பார்த்தார்கள். யானை தலைமையாசிரியரைப் பார்த்தது.

“சார், இப்ப நான் என்ன செய்யலாம்?”

நான்காம் வகுப்பில் இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் தலைமையாசிரியர் ஒரே பதிலைத்தான் சொல்லும். பல வருடப் பழக்கம். இப்போதும் வாய் தானாகத் திறந்தது.

“அருமையான கேள்வி! நீயே செய்து பார்!”

யானை ஒரு காலைத் தூக்கி வைத்தது.

முதலில் போனது வரைபடத்தில் இருந்த பள்ளிக்கூடம். அடுத்து மலை கரைந்தது. மந்தி குப்புற விழுந்து, எதனால் விழுந்தோம் என்று விளக்கிக்கொண்டே மிதந்து போனது. தலைமையாசிரியர் கரையேறித் தப்பியதே பெரிய விஷயம். உச்சியில் இருந்த சுரைக்குடுக்கை தண்ணீரில் உருண்டு, ஒரு பாறையில் மோதி உடைந்தது. அடைத்து வைத்த கேள்விகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தன. ‘எங்கே? எவ்வளவு? ஏன்? எங்கே? எங்கே?’ என்று காடே கத்துவதுபோல் இருந்தது.

சத்தம் அடங்கியதும் அங்கமுத்து தயங்கித் தயங்கி வாயைத் திறந்தது.

“என்... என் வீடு எங்கே?”

“அந்த ஆலமரத்துக்குப் பின்னாடி அண்ணே. இங்கிருந்தே தெரியுது பாருங்க” என்றது முயல்.

மூன்று ஆண்டுகளாக அது தினமும் பார்த்துக்கொண்டு நின்ற ஆலமரம்தான். யானை அந்தப் பக்கம் நடந்தது.

குளத்துக்குத் தண்ணீர் வந்தது. ஆனால் ஓரத்துச் சேற்றில் ஒதுங்கியிருந்த நாற்பது தலைப்பிரட்டைகளுக்கு அது தாமதமாக வந்தது. மற்றவை பத்தாம் நாள் கால் முளைத்துக் கரையேறின. முதலில் ஏறிய குட்டி திரும்பிப் பார்த்துக் கேட்டது:

“அம்மா, மத்தவங்க எங்கே?”

மரகதம் பதில் சொன்னது. எத்தனை பேர் என்பதையும், ஏன் என்பதையும் மறைக்காமல் சேர்த்தே சொன்னது.

தலைமையாசிரியர் புதிய வரைபடம் கட்ட மறுபடியும் களிமண் குழைத்தது. கட்டுவதற்குமுன், யாராவது கவனிக்கிறார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, “இதை எங்கே கட்டலாம்?” என்று முயலின் காதோடு கேட்டது.

புதிய கேள்வியைக் கற்றுக்கொண்டதற்காகப் பழைய கேள்வியைக் கைவிடுகிறவருக்கு, தான் உட்கார்ந்திருக்கும் இடமே அடைப்பு என்பது தெரியாமலே போகும்.