கழுதை நின்ற வாசல்

"நான் யாரையும் கொல்லலை தாயே. கழுதைதான் ஓட்டினேன்."

குகை வாசலுக்கு வந்ததும் வராததுமாக அந்துவன் இதைத்தான் சொன்னான். உப்பு மூட்டை ஏற்றும் கழுதைக்காரன் அவன். எதிரே இருந்த துறவி சேந்தியம்மைக்கு அவன் மகள் வயசுதான் இருக்கும்.

ஜெயித்த ராஜாவுக்கு ஊரைக் கொளுத்தினால் மட்டும் போதுமா? போதாது. எரிந்த தெருவில் கழுதையைப் பூட்டி ஏர் ஓட்ட வேண்டும், கொள்ளு விதைக்க வேண்டும். இனி அங்கே மனுஷன் குடியிருக்கக் கூடாதாம். அப்படி ஒரு வக்கிரம்! அந்த ஏரைத்தான் அந்துவன் ஓட்டியிருந்தான்.

"தூங்கி மாசக்கணக்காச்சு. அடுத்த ஊரை உழ நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க. இதுல உனக்குப் பாவமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நிம்மதியாப் போவேன்."

"முதல்ல சாப்பிடு."

இலையில் அவித்த கொள்ளு வைத்தாள். நல்ல பசி. அள்ளி அள்ளித் தின்றான்.

"கழுதை ஒழுங்கா உழுததா?"

"எங்கே! ஒரு வாசல்ல முரண்டு பிடிச்சு நின்னுடுச்சு."

"ஏன்?"

"கிழவர் ஒருத்தர் படிக்குக் குறுக்கே படுத்துட்டார். எழுந்திருக்கவே மாட்டேன்னுட்டார். இந்தச் சனியன் அவரை மிதிக்க மாட்டேங்குது."

"நீ என்ன செஞ்சே?"

"பின்னாலேயே படைத்தலைவன் நிக்கிறான். நான் என்ன செய்ய? அடிச்சேன். தோல் உரிய அடிச்சேன். அப்புறம் நடந்துச்சு."

"பெரியவர்?"

அந்துவன் இலையைப் பார்த்தான்.

"நான் கழுதையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

கீழே மரத்தடியில் கழுதையைக் கட்டியிருந்தான். அதன் முதுகுப் புண் இன்னும் ஆறவில்லை. ஈ மொய்த்தது.

அவள் அந்தக் கழுதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவனுக்குப் பொறுக்கவில்லை. இன்னொரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு பேச்சை மாற்றினான்.

"கொள்ளு நல்லா இருக்கு தாயே. எந்த ஊர் விளைச்சல்?"

"நீ உழுத ஊர்தான். கழுதை நின்னுச்சே, அந்த வாசல்ல விளைஞ்சது. நானே போய்ப் பறிச்சிட்டு வந்தேன்."

"அங்கே உங்களுக்கு என்ன வேலை?"

"நான் பிறந்த வீடு. படுத்திருந்தவர் எங்கப்பா."

அந்துவன் வாய் நிறையக் கொள்ளு. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

சேந்தியம்மை அகப்பையை எடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"