அக்கரைப் புல்

அந்தக் காலத்தில் மாடுகளுக்குப் பேச்சு இருந்தது. தின்றது வயிற்றுக்குள் போனால் போனதுதான். திரும்ப வாய்க்கு வராது.

அப்போது டைகிரிஸ் ஆற்றங்கரையில் ஒரு நகரம். அதன் மேட்டுத் தெருக்களுக்குத் தண்ணீர் ஏற்றும் சக்கரத்தை அத்ஹம் என்ற கறுப்புக் காளை பன்னிரண்டு வருடம் சுற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் ஆற்றின் அக்கரை தெரியும். முழங்கால் உயரப் புல், வெயிலில் மினுங்கும். நாலு அடி வைத்தால் அதற்கு முதுகைக் காட்டியாக வேண்டும். அந்த நாலு அடிக்காகவே மீதி வட்டத்தையும் அது நடந்தது.

அதே ஊரில் உஸ்தாத் ஜுனைத் என்ற பொறியாளர் இருந்தார். தண்ணீரால் கூவும் செம்புப் பறவை, மணியடித்து நேரம் சொல்லும் பொம்மை என்று ஊரை ஆண்ட அமீரின் விருந்தாளிகளுக்குச் செய்து செய்து சலித்துப்போன மனிதர். காளையின் பார்வை எங்கே போகிறது என்பதை அவர் கவனித்தார். தரைக்கடியில் பல்சக்கரங்களைப் பூட்டி, ஆற்றின் ஓட்டமே தண்ணீரை மேலே ஏற்றும்படி செய்தார்.

தானாகச் சுற்றும் சக்கரத்தின் தண்ணீரை ஊரார் தொட மறுத்தார்கள். ஜின்னின் வேலை என்றார்கள். எவனோ ஒருவன் நுகத்தடியில் நின்றால்தான் சில ஊர்களுக்குத் தண்ணீர் தொண்டையில் இறங்கும். உஸ்தாத் ஒரு மரக்காளையைச் செதுக்கி, சக்கரத்தோடு சுற்றிவரும்படி மேலே நிறுத்தினார். ஊர் நிம்மதியாகக் குடித்தது.

"நீ போ. ஆறுதான் இழுக்கிறது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே" என்று அத்ஹமை அவிழ்த்துவிட்டார். அதுவும் சரியென்று தலையாட்டியது.

நீந்தி அக்கரையேறி மூன்று நாள் தலைநிமிராமல் மேய்ந்தது. நாலாம் நாள் இக்கரைப் பேச்சு காற்றில் வந்தது. மரக்காளையின் கழுத்தில் நீலமணி கட்டிக்கொண்டிருந்தார்கள். "தீனி கேட்காது, சாணி போடாது, என்னமாய் இழுக்கிறது பார். அந்தக் கறுப்பன் சுத்தச் சோம்பேறி" என்றான் ஒரு தண்ணீர்க்காரன். கூட்டம் சிரித்தது.

வாயிலிருந்த புல் கசந்தது. கொடுத்த வாக்கு நினைவில் இருந்தும் அத்ஹம் கரையோரம் வந்து நின்றது.

"அது ஒன்றையும் இழுக்கவில்லை. கீழே ஆறு இழுக்கிறது. பன்னிரண்டு வருடம் இழுத்தவன் நான். உங்கள் பிள்ளைகள் குடித்து வளர்ந்தது என் தண்ணீர்."

அப்படியானால் ஜின்னின் தண்ணீர்தான் என்று குடங்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அன்றே அமீரின் ஆட்கள் பல்சக்கரங்களை உடைத்தார்கள். பிறகு கயிற்றோடு படகு ஏறினார்கள். படகைப் பார்த்தும் அத்ஹம் ஓடவில்லை. மெல்லக்கூட நேரமில்லாமல், வாய் கொண்டமட்டும் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி விழுங்கியது.

நுகம் பூட்டும்போது உஸ்தாத் வந்தார்.

"கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா, அத்ஹம்?"

"பொறுத்திருக்கலாம், உஸ்தாத். சோம்பேறி என்றார்கள்."

அவர் அதன் நெற்றியைத் தடவிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அது யாரிடமும் பேசவில்லை. மாலையில் நுகம் இறங்கியதும் படுத்தது; கண்ணைப் பாதி மூடி, உள்ளே கிடந்த புல்லை ஒவ்வொரு வாயாக மேலே வரவழைத்து மெதுவாக மென்றது.

அன்று முதல்தான் மாடுகள் பேச்சை விட்டு அசைபோடத் தொடங்கின. தின்றது வைக்கோலாக இருந்தாலும், கண் மூடி அவை மெல்லுவது அக்கரைப் புல்லை.