இசக்கியம்மாளின் வலது கை

நரம்பியல் கற்க டாக்டர் தமீம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. ஆசிரியை டாக்டர் பூரணி அவரைவிட நான்கு வயது இளையவர். தமீம் பதினைந்து வருடம் அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர். பார்த்த நொடியில் முடிவெடுத்துப் பழகியவர்.

செரிப்ரல் பால்சி எனும் பெருமூளை வாதத்துடன் பிறந்து நடுவயதை எட்டியவர்களைப் பூரணி புதன்கிழமைகளில் பார்ப்பார். ஒருவருக்கு முக்கால் மணி நேரம். தமீமுக்கு அது விளங்கவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டார்.

“இந்த நோய் குணமாகாது. முத்திப்போறதும் இல்ல. அப்புறம் எதுக்கு மேடம் இவங்களை வருஷக்கணக்கா வரச் சொல்றீங்க?”

பூரணி அடுத்த நோயாளியின் கோப்பினை அவர் பக்கம் நகர்த்தினார்.

“இவங்களை நீங்க பாருங்க டாக்டர். அவங்க பேசி முடிக்கிறவரைக்கும் நடுவுல பேசாதீங்க.”

உள்ளே வந்தவர் இசக்கியம்மாள். நாற்பத்தாறு வயது. ஓர் அச்சகத்துக்கு மெய்ப்புப் பார்த்து எழுத்துப்பிழை திருத்துபவர். போன வருடம்வரை நடந்தவர், இப்போது சக்கர நாற்காலியில் இருந்தார். உடல் ஓயாமல் முறுக்கிக்கொண்டிருந்தது. கழுத்து வெட்டி வெட்டி இழுத்தது. பதினெட்டு வயதில் குழந்தைகள் மருத்துவமனையை விட்ட பிறகு அவரைத் தொடர்ந்து பார்க்க ஆளில்லை என்று கூட வந்த தங்கை செண்பகம் சொன்னாள். இந்த வருடம் மூன்று டாக்டர்களிடம் போனார்களாம். பிறவியிலேயே உள்ளதுதான் என்று மூவரும் அனுப்பிவிட்டார்களாம்.

என்ன செய்கிறது என்று தமீம் இசக்கியம்மாளிடமே கேட்டார்.

முதல் சொல் வருவதற்கே ஒரு நிமிடம் ஆயிற்று. தங்கை முடித்துவைக்க வாயெடுத்தாள். தமீம் கையமர்த்தினார். இசக்கியம்மாள் மூச்சைச் சேர்த்தார். கழுத்தின் வெட்டு ஓயும்வரை பொறுத்தார். அடுத்த வெட்டு வருமுன் கிடைத்த இடைவெளியில் ஒரு சொல்லை வைத்தார். மறுபடி பொறுத்தார். நெற்றியெல்லாம் வியர்வை. பேசத் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் இவர் இப்படித்தான் வைத்திருக்கிறார் என்பது தமீமுக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஆடி வரைக்கும்... பேனா பிடிச்சேன். இப்ப... பேனா கையில இருக்கறதே தெரியல.”

தமீம் எழுதுவதை நிறுத்தினார். பிறப்பில் மூளைக்கு ஏற்பட்ட காயம் வளராது. அப்படியானால் இந்தக் கையைப் பறிப்பது வேறொன்று.

சிறு ரப்பர் சுத்தியலால் தட்டி ஒவ்வொரு மூட்டாகச் சோதித்தார். இடது கை விரல்களும் மரத்திருந்தன. மறுநாளே மயக்க மருந்து கொடுத்துக் கழுத்தை ஸ்கேன் எடுத்தார்கள். நாற்பது வருட வெட்டில் கழுத்தெலும்புகள் தேய்ந்து தண்டுவடத்தை நெரித்துக்கொண்டிருந்தன. அறுவை சிகிச்சை செய்தால் இத்தோடு நிற்கலாம், போனது திரும்புமா என்று சொல்ல முடியாது, விட்டால் கைகால் நாலும் போகும் என்றார்கள் அறுவை மருத்துவர்கள். பேச்சு போய்விடுமா என்று மட்டும் இசக்கியம்மாள் கேட்டார். போக வாய்ப்பு குறைவு என்றதும் சம்மதித்தார்.

அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் கழித்து வாக்கரைப் பிடித்து நடந்து வந்தார். இடது விரல்களில் மரத்துப்போனது அப்படியே இருந்தது. வலது கை மெய்ப்புத் திருத்தத் தொடங்கியிருந்தது. கதவிலிருந்து நாற்காலிவரை அவர் வந்து சேரும்வரை தமீம் எழுந்து நின்றார்.

அவர் போன பிறகு தமீம் மெதுவாகச் சொன்னார்.

“பழைய நோய்தான்னு எழுதி நானும் அனுப்பியிருப்பேன் மேடம்.”

“நான் எழுதியே அனுப்பியிருக்கேன். வேற ஒருத்தரை” என்றார் பூரணி.

தமீம், அறுபது, எழுபது வயதில் இசக்கியம்மாளுக்கு என்னவெல்லாம் வரக்கூடும், அதை எந்தப் புத்தகத்தில் படிக்கலாம் என்று கேட்டார்.

“நான் தேடினவரைக்கும் இல்ல” என்றார் பூரணி. “அந்த வயசுக்கு அவங்கதான் முதல்ல போறாங்க. அப்பப்ப வந்து நமக்குச் சொல்லிட்டுப் போறாங்க.”