அழிக்காத வரிகள்

“காலேஜை விட்டுப் போறேன் மேடம். பெட்டி கட்டியாச்சு. நாளைக்கு அப்பா வந்து கூட்டிட்டுப் போயிடுவார்.”

கணிதப் பேராசிரியை நஃபீசா கையிலிருந்த விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“எதுக்கு?”

“ஆறு பாடத்துல நாலு போச்சு. ஸ்கூல்ல நான்தான் முதல் மார்க். இப்போ ஹாஸ்டல்ல என்னை ‘அரியர் அரசி’ங்கறாங்க.”

“அரசிப் பட்டமா? எனக்கு அதுகூட யாரும் தரலையே, அங்கயற்கண்ணி.”

மாணவி சிரிக்கவில்லை.

“இந்த செமஸ்டரையே மொத்தமா அழிச்சிட்டு, வேற எங்கயாவது, வேற ஏதாவது படிச்சுக்கறேன்.”

நஃபீசா எழுந்தார். பக்கத்து வகுப்பறை காலியாக இருந்தது. கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினார்.

“பரீட்சையில வந்ததுதான். போடு.”

சாக்பீஸ் விறுவிறுவென்று ஓடியது. ஆறாவது வரியில் நின்றது. எங்கோ பிசகிவிட்டது. அடுத்த நொடியே அங்கயற்கண்ணி டஸ்டரை எடுத்துப் பலகை முழுவதையும் துடைத்தாள்.

“பரீட்சையிலயும் இப்படித்தானா?”

“அங்கே டஸ்டர் ஏது மேடம்? பக்கத்துக்குக் குறுக்கே பெரிய கோடா போட்டு அடிச்சேன். மறுபடி முதல்லேருந்து எழுதினேன். அதையும் அடிச்சேன். மணி அடிச்சிடுச்சு.”

“எவ்வளவு எழுதின? எவ்வளவு அடிச்ச?”

அவள் தலை குனிந்தாள்.

“அடிச்சதுதான் அதிகம்.”

“இன்னொரு தடவை போடு.”

மீண்டும் வரிகள் இறங்கின. மீண்டும் ஆறாவது வரியில் கை நின்றது, டஸ்டரைத் தேடியது. டஸ்டர் நஃபீசாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

“குடுங்க மேடம்.”

“மாட்டேன்.”

வேறு வழியில்லை. அவள் தான் எழுதியதைப் படித்தாள். மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாக.

ஐந்தாவது வரியில், கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி நின்றது. அதன் செங்குத்துக் கோட்டை மட்டும் சுட்டுவிரலால் துடைத்தாள்.

கீழே கணக்கு தானாக அவிழ்ந்தது. விடை வந்தது.

“மேலே இருக்கிற நாலு வரியை ஏன் விட்டுவெச்ச?” என்றார் நஃபீசா.

“அது சரியாத்தானே மேடம் இருக்கு?”

நஃபீசா டஸ்டரை மேசைமேல் வைத்தார்.

அங்கயற்கண்ணி விரலில் ஒட்டியிருந்த வெண்தூளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கைபேசியை எடுத்தாள்.

“அப்பா, நாளைக்கு வர வேணாம். இல்லப்பா, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. படிக்கணும்.”

அடுத்த பருவம் அவளுக்கு இரங்கவில்லை. புதிய பாடங்களோடு பழைய நான்கும் தோளில் ஏறிக்கொண்டன. தவறிய கணக்குகளைச் சுமந்துகொண்டு அவள் நஃபீசாவின் அறைக்கு வந்தவண்ணம் இருந்தாள். விடைகளை அவர் ஒருபோதும் சொல்லவில்லை, “எந்த வரி?” என்று மட்டும் கேட்டார்.

தேர்வுக்கூடத்திலும் ஒரு கணக்கு பிசகியது. பக்கத்தின் குறுக்கே கோடு இழுக்கப் பேனா உயர்ந்தது. உயர்ந்த பேனா நின்றது. ஒற்றை வரியை மட்டும் அடித்துவிட்டு அவள் தொடர்ந்து எழுதினாள்.

முடிவுகள் வந்த காலையில், பட்டம் சூட்டிய அறைத்தோழி ஜெனிட்டாதான் விடுதி முழுவதும் கூவிக்கொண்டு ஓடினாள்.

“அரியர் அரசி ஆட்சி கவிழ்ந்தது! அத்தனை பேப்பரும் க்ளியர்டி!”

அங்கயற்கண்ணி மூச்சிரைக்க நஃபீசாவின் முன் வந்து நின்றாள். நஃபீசா புதிய மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அப்போ அந்தப் பழைய மார்க் ஷீட்டைக் கிழிச்சுப் போட்டுடலாம், இல்லையா?”

“ஐயோ, வேணாம் மேடம். அதுல ரெண்டு பாடம் பாஸ் பண்ணியிருக்கேன்!”