ஏழு தோல் வரகு

"இந்த ஊர் ஜனங்களுக்கு நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும், அம்மா" என்றார் தணிகைவேல்.

அவர் வேளாண் அதிகாரி. வெள்ளிக்கிழமைதோறும் விரதமிருந்து, மலையடி மடத்தில் தன் குரு உமையாள் அம்மையின் முன் வந்து உட்காருவார். குருவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு.

"என்ன புத்தி?"

"சுற்றிலும் வரகு விளைகிறது. அதை லாரியில் ஏற்றிவிட்டு, எங்கிருந்தோ வரும் அரிசியைத் தின்கிறார்கள். விளைந்த இடத்திலேயே சாப்பிடுங்கள் என்று மேடைமேடையாகச் சொல்லிவிட்டேன். நாக்கு கெட்டுவிட்டது. சோம்பேறிகள்."

முதல் விளைச்சலை மடத்துக்குக் கொடுக்க வந்த சீனிப்பேச்சி, கூடையோடு வாசலில் நின்றிருந்தாள்.

"யாரு சோம்பேறி?" என்றாள். "வரகுக்கு ஏழு தோலு. உமி நீக்குற மெஷின் ஒண்ணு கேட்டு மூணு தடவ உங்ககிட்ட மனு குடுத்தோம். 'தேவை நிரூபிக்கப்படவில்லை'ன்னு எழுதித் திருப்பிட்டீங்க. பிள்ளத்தாச்சி மருமக கஞ்சி கேக்குறா. காட்டுல வரகு குவிஞ்சு கெடக்கு. குடுக்க வழியில்ல."

"உரலில் குத்தலாமே?"

"குத்தலாம். ஒரு படிக்கு ஒரு பகல் போயிரும். களை எடுக்க நீங்க வாரீகளா?"

தணிகைவேல் குருவின் பக்கம் திரும்பினார். "மெஷின் கிடக்கட்டும், அம்மா. முதலில் மனம் வேண்டும். மனம் இருந்தால் மற்றதெல்லாம் தானே வராதா?"

அம்மை எழுந்து இலைக்கட்டை எடுத்தாள்.

"விரதம் முடிக்கிற நேரம். சாப்பிடுகிறீர்களா?"

"பசி கண்ணை அடைக்கிறது."

இலை போட்டாள். தண்ணீர் தெளித்தாள். கூடையிலிருந்து, களத்தில் இருந்து வந்தபடியே, உமியோடு இரண்டு கை வரகை அள்ளி இலையின் நடுவில் வைத்தாள். மேலே சுடச்சுடக் குழம்பை ஊற்றினாள்.

"விளைந்த இடத்திலேயே சாப்பிடுங்கள்."

குரு இட்டதை ஒதுக்கக் கூடாது என்பது மடத்து வழக்கம். தணிகைவேல் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார்.

மென்றார்.

மறுபடியும் மென்றார். மணலை மெல்வதுபோல் சத்தம் கேட்டது. கண்ணில் நீர் கோத்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"மெல்லுங்கய்யா. ஏழே ஏழு தோல்தான்" என்றாள் சீனிப்பேச்சி.

"மனம் இருக்கிறதல்லவா?" என்றாள் அம்மை. கோபத்தில் அவள் குரல் கடுமையானது.

அவர் கையில் துப்பினார். உமியோடு கொஞ்சம் ரத்தமும் இருந்தது.

"இதை எப்படியம்மா தின்பது?"

"மெஷின் கேட்டு மனு எழுதிக் கொடுங்கள்."

"யாரிடம்?"

கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது.

இரண்டு பெண்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.