முத்திரை விழுந்த புகார்

முன்னொரு காலத்தில், காவலர்களைக் கண்காணிக்க ஒரு சபையை வைத்துவிட்டு, அதோடு தன் வேலை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கிய அரசன் ஒருவன் இருந்தான். காவலர் மேல் யார் வேண்டுமானாலும் சபையில் புகார் கொடுக்கலாம். ஒரே நிபந்தனை, ஓலையில் காவல் தலைவன் வீரபாகுவின் முத்திரை இருக்க வேண்டும். தன் ஆட்கள் மேல் வந்த புகாருக்கு எவன் முத்திரை குத்துவான்? மூன்று வருடமாக ஒரு புகாரும் வரவில்லை. அரசனுக்குப் பெருமை தாங்கவில்லை.

விகடகவி குப்பண்ணன் மட்டும் அரசவையிலேயே சிரித்துத் தொலைத்தான். அவன் மேல் ஏற்கெனவே பொறாமையில் வெந்துகொண்டிருந்த வீரபாகு எழுந்தான்.

"சிரிப்பவரே அந்தக் கண்காணிப்புச் சபைக்குத் தலைவராக இருக்கட்டும், மன்னா. பௌர்ணமிக்குள் காவலர் மேல் முத்திரையோடு ஒரு புகாரைக் காட்டட்டும். இல்லையேல் நாட்டை விட்டே போகட்டும்."

அரசனும் தலையாட்டிவிட்டான்.

மறுநாளே உப்பு விற்கும் செல்லாயி வந்து நின்றாள்.

"காவக்காரங்க வந்தப்போ தலைமேல இருந்த மூட்டைய எறக்கி வச்சுக் கும்பிடலைன்னு என் வீட்டுக்காரரப் பிடிச்சு அடைச்சுட்டாங்க சாமி. நாப்பது நாளாச்சு. முத்திரை கேட்டுப் போனா, என்னையும் அடைப்பேங்கறாங்க."

குப்பண்ணனுக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்புதான் வந்தது. இப்படி எத்தனை பேர்! பெருமூச்சு விட்டபடி, அவள் பெயரில் ஒரு ஓலை எழுதி வீரபாகுவுக்கு அனுப்பினான்.

'சபைத் தலைவன் குப்பண்ணன் மீது புகார்' என்றது முதல் வரி. வீரபாகுவுக்கு வாயெல்லாம் பல். மிச்சத்தைப் படிக்க அவனுக்கு ஏது பொறுமை? ஓங்கிக் குத்தினான் முத்திரையை.

பௌர்ணமியன்று அரசவையில் அந்த ஓலையைக் குப்பண்ணனே படித்தான்.

"குப்பண்ணன் ஒரு சோம்பேறி. கும்பிடாத குற்றத்துக்காக என் கணவரை வீரபாகு நாற்பது நாளாக அடைத்து வைத்திருப்பதை இவன் இன்னும் விசாரிக்கவில்லை."

ஓலையை மடித்துக்கொண்டு சொன்னான்: "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், மன்னா. காவல் தலைவரே முத்திரை வைத்து உறுதி செய்திருக்கிறார்."

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். செல்லாயியின் கணவனை உடனே விடுவித்தான். வீரபாகுவை இரண்டு வார்த்தை கடிந்துகொண்டான். குப்பண்ணன் கழுத்தில் முத்துமாலை விழுந்தது.

"மாலைக்குப் பதில் அந்த முத்திரையை அவரிடமிருந்து வாங்கிவிடுங்கள், மன்னா."

"அது தலைமுறை தலைமுறையாக அவர்கள் வீட்டில் இருப்பதாயிற்றே!" என்று அரசன் மறுபடியும் சிரித்தான்.

அரண்மனை வாசலில் செல்லாயி கணவனின் கையை இறுகப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"இனிமே பிடிக்க மாட்டாங்கள்ல, சாமி?"

"பிடிப்பாங்கம்மா," என்றான் குப்பண்ணன். "அடுத்த தடவை அவன் ஓலைய முழுசாப் படிப்பான். நான்தான் வேற எதாச்சும் யோசிக்கணும்."